பந்து எது, பூனை எது? குழந்தையின் முதல் சொற்கள் பற்றிக் கேள்வி பதில்

பேச்சு, மொழிப் பயிற்சி கொடுக்கும் வேலையில் இருக்கிறேன், பெரும்பாலும் மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளோடுதான் பொழுது போகும். பொருட்களின் பெயரைப் பிள்ளைகள் எப்படிப் பிடிக்கிறார்கள் என்று கேளுங்கள் என்றதும் நிறையக் கேள்விகள் வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாக்கிவிட்டேன்.

மகளுக்கு ஆறு மாதம். நாள் முழுக்க அவளோடு பேசுகிறேன். ஏதாவது புரிகிறதா, இல்லை சுவரோடு பேசுகிற மாதிரிதானா?

புரிகிறது, அதுவும் வெளியே தெரிவதற்கு ரொம்ப முன்பே. நாலரை மாதத்திலேயே தன் பெயரின் ஓசையை மற்றப் பெயர்களிலிருந்து பிரித்துக் கேட்கிறார்கள். 2012-ல் எலிகா பெர்கெல்சனும் டேனியல் ஸ்விங்லியும் ஒரு ஆய்வு செய்தார்கள். ஆறு முதல் ஒன்பது மாதக் குழந்தையை அம்மா மடியில் உட்கார வைத்து, திரையில் இரண்டு படம் காட்டி, அம்மாவை ஒன்றின் பெயரைச் சொல்லவிட்டு, குழந்தையின் கண் எந்தப் பக்கம் போகிறது என்று கேமரா வைத்துப் பார்த்தார்கள். பெயர் சொன்ன படத்தின் மேல் பார்வை கொஞ்சம் கூடுதலாக நின்றது. சாப்பாட்டுப் பொருட்களுக்கும் உடல் உறுப்புகளுக்கும் இது நடந்தது. "கொஞ்சம்" என்பதைக் கவனியுங்கள். வீட்டில் "மூக்கு எங்கே?" என்று கேட்டு, அவள் திரும்பிப் பார்க்கவில்லை என்று சோர்ந்துபோகாதீர்கள். கண்ணை அளக்கும் கருவி இல்லாமல் நமக்கு அது பிடிபடாது.

பேசும்போது சொற்களுக்கு நடுவே இடைவெளி விடுவதில்லையே. ஒரு சொல் எங்கே முடிகிறது என்று அதற்கு எப்படித் தெரியும்?

நல்ல கேள்வி. கணக்குப் போடுகிறது என்பதுதான் பதில், விளையாட்டாகச் சொல்லவில்லை. 1996-ல் ஜென்னி சாஃப்ரனும் கூட்டாளிகளும் எட்டு மாதக் குழந்தைகளுக்கு அர்த்தமே இல்லாத அசைகளை நிறுத்தாமல் இரண்டே நிமிடம் ஓடவிட்டார்கள். சில அசைகள் எப்போதும் சேர்ந்தே வரும், சில எப்போதாவது அடுத்தடுத்து வரும், வேறு எந்தத் துப்பும் கிடையாது. அந்த இரண்டு நிமிடத்தில் எது எதோடு ஒட்டியிருக்கிறது என்பதைப் பிள்ளைகள் பிடித்துவிட்டார்கள்.

நம் மொழியில் வேலை இன்னும் கூடுதல். "பந்து எங்கே", "பந்தைப் போடு", "பந்தோடு வா", "பந்துக்குப் பின்னாடி பார்": ஒவ்வொரு தடவையும் வால் மாறுகிறது, மாறாத தலையைப் பிள்ளையே பிரித்தெடுக்க வேண்டும். அதனால் நடுநடுவே ஒற்றைச் சொல்லாகச் சொல்வது உதவும். பந்தைக் கையில் கொடுத்து "பந்து!" என்று மட்டும் சொல்லி நிறுத்துங்கள். அதற்காக நாள் முழுக்க ஒற்றைச் சொல்லாகவே பேச வேண்டாம், வாக்கியமும் வேண்டும்.

சரி, சொல்லைப் பிடித்துவிட்டது. "பந்து" என்றால் அந்த உருண்டைதான், அதன் சிவப்பு நிறமோ உருளுவதோ இல்லை என்று எப்படித் தெரிகிறது?

இதைத் தத்துவக்காரர்களே கேட்டிருக்கிறார்கள். 1960-ல் குவைன் சொன்ன உதாரணம் பிரபலம்: முன்பின் தெரியாத மொழிக்காரர் ஓடும் முயலைக் காட்டி "கவகாய்" என்கிறார். முயலா, முயலின் காதா, ஓட்டமா, இன்றைய சாப்பாடா? தர்க்கப்படி பார்த்தால் தீரவே தீராது. ஒரு வயதுப் பிள்ளை தீர்த்துவிடுகிறது, ஏனென்றால் அது தர்க்கத்தை மட்டும் நம்பி உட்கார்ந்திருப்பதில்லை.

முதலில், பேசுகிறவரின் கண்ணைப் பார்க்கிறது. டேர் பால்ட்வினின் ஆய்வுகளில் ஒன்றரை வயதுப் பிள்ளை ஒரு பொம்மையை வைத்து விளையாடிக்கொண்டிருக்கும்போது, பெரியவர் வேறொரு பொருளைப் பார்த்துப் புதுப் பெயர் ஒன்றைச் சொல்வார். பிள்ளை நிமிர்ந்து, அவர் எதைப் பார்க்கிறார் என்று தேடி, அந்தப் பெயரை அங்கே ஒட்டியது, தன் கையில் இருந்த பொம்மையில் இல்லை. இரண்டாவது, பெயர் தெரிந்த பொருளும் தெரியாத பொருளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், புதுச் சொல் தெரியாததற்குத்தான் என்று எடுத்துக்கொள்ளும்.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. லிண்டா ஸ்மித்தும் சென் யூவும் பிள்ளையின் நெற்றியில் சின்னக் கேமராவைக் கட்டிப் பார்த்தார்கள். பெரியவர் கண்ணுக்கு மேஜை மேல் நாலைந்து பொம்மை கிடக்கும், எல்லாம் ஒரே அளவாகத் தெரியும். பிள்ளைக்குக் கை குட்டை, எடுத்ததை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோகிறது, அந்த ஒரு பொருளே பார்வையை அடைத்துக்கொள்கிறது, மற்றதெல்லாம் மறைந்துவிடுகிறது. அந்த நொடியில் பெயர் காதில் விழுந்தால் ஒட்டுகிறது. குவைனின் குழப்பத்துக்கே அங்கே இடம் இல்லை பாருங்கள்.

இதனால்தான் என்னிடம் வரும் பெற்றோரிடம் "நீங்கள் காட்டுவதற்குப் பெயர் சொல்லாதீர்கள், அது பிடித்திருப்பதற்குச் சொல்லுங்கள்" என்று நச்சரிக்கிறேன்.

ஒன்றேகால் வயதுப் பையன் பசு, ஆடு, பூனை எல்லாவற்றையும் "நாய்" என்கிறான். திருத்த வேண்டுமா?

கவலையே வேண்டாம், எல்லாப் பிள்ளைகளும் செய்வதுதான். பல சமயம் வித்தியாசம் தெரிந்தே சொல்கிறார்கள். இரண்டு படத்தை வைத்து "பசு எது?" என்று கேட்டால் சரியாகக் காட்டும் பிள்ளைதான், சொல்லும்போது "நாய்" என்கும். வாய்க்கு வருகிற சொற்கள் கொஞ்சம், உலகத்தில் பிராணிகள் நிறைய, கிட்டத்தில் இருப்பதை எடுத்து வீசுகிறான். என் மகளுக்கு நிலாவும் நிலா, விளக்கும் நிலா, சுவர்க் கடிகாரமும் நிலா. எனக்கு அதைத் திருத்த மனசே வரவில்லை.

உங்களுக்குத் திருத்தத்தான் வேண்டும் என்றால் "இல்லை" என்று ஆரம்பிக்காதீர்கள். "ஆமாம், நாலு கால்! இது பசு, கொம்பு பார்" என்றால் போதும். தலைகீழாகவும் நடக்கும்: "செருப்பு" என்றால் அப்பா செருப்பு மட்டும்தான், மற்ற எதுவும் செருப்பே இல்லை என்று பிடிவாதமாக இருப்பார்கள்.

அப்புறம், இரண்டு வயதை ஒட்டி பெரும்பாலான பிள்ளைகள் வடிவத்தை வைத்துப் பெயரை நீட்ட ஆரம்பிக்கிறார்கள். கோப்பை மரமாக இருந்தாலும் இரும்பாக இருந்தாலும் கோப்பைதான் என்பது அப்போது பிடிபடுகிறது. 2002-ல் ஸ்மித் குழுவினர் 17 மாதப் பிள்ளைகளுக்குச் சில வாரம், வடிவத்தை வைத்துப் பெயரிடும் விளையாட்டு சொல்லிக்கொடுத்தார்கள். ஆய்வுக்கூடத்துக்கு வெளியேயும் அந்தப் பிள்ளைகளின் பெயர்ச்சொற்கள் மற்றவர்களைவிட வேகமாகக் கூடின.

ஒரே தடவை சொன்னால் பிடித்துக்கொள்வார்கள் என்கிறார்களே?

பாதி உண்மை. 1978-ல் கேரி, பார்ட்லெட் இருவரும் மூன்று, நாலு வயதுப் பிள்ளைகளிடம் போகிற போக்கில் "குரோமியம் தட்டை எடுத்து வா, நீலத் தட்டு வேண்டாம்" என்ற மாதிரிச் சொன்னார்கள் ("குரோமியம்" அங்கே பிள்ளைகளுக்குத் தெரியாத ஒரு நிறப்பெயர்). பிள்ளைகள் சரியான தட்டை எடுத்தார்கள், ஒரு வாரம் கழித்தும் சிலருக்கு அந்தச் சொல்லின் நிழல் மனசில் இருந்தது. ஆனால் இரண்டு வயதுப் பிள்ளைகளோடு 2008-ல் செய்த ஆய்வில், அப்போதைக்குச் சரியாக எடுத்துக் கொடுத்தவர்கள் ஐந்து நிமிடத்தில் பெயரை மறந்திருந்தார்கள். ஊகிப்பது ஒன்று, தங்குவது வேறு.

பெயர் சொல்லிக்கொடுக்கும் வீடியோ போட்டால் சீக்கிரம் கற்பானா?

ஒரு வயதுப் பிள்ளைக்கா? இல்லை. 2003-ல் பட்ரீஷியா குல் குழு, ஆங்கிலம் கேட்டு வளர்ந்த ஒன்பது மாதக் குழந்தைகளோடு சீனமொழிக்காரர்களைப் பன்னிரண்டு அமர்வு விளையாடவிட்டது. அந்த மொழியின் ஒலி வேறுபாடு பிள்ளைகளுக்குப் பிடிபட்டது. அதே ஆட்களைத் திரையில் காட்டியபோது ஒன்றும் ஏறவில்லை. உலக சுகாதார நிறுவனமும் 2019-ல் ஒரு வயதுக்குள் திரையே வேண்டாம், இரண்டு வயதில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. தாத்தா பாட்டியோடு வீடியோ காலில் பேசுவதை நான் இதில் சேர்ப்பதில்லை, அங்கே எதிரில் இருப்பவர் பிள்ளைக்குப் பதில் சொல்கிறார்.

வீட்டில் இரண்டு மொழி. குழம்பிவிடுமா?

குழம்பாது. இரண்டு மொழியிலும் உள்ள சொற்களைச் சேர்த்து எண்ணுங்கள். ஒரு மொழியை மட்டும் எடுத்து அளந்துவிட்டு "குறைவு" என்று பயப்படுகிறவர்கள்தான் அதிகம்.

மழலையில் பேசலாமா?

குரலை உயர்த்தி, இழுத்து, ராகம் போட்டுப் பேசுங்கள், பிள்ளைகள் அதைத்தான் விரும்பிக் கேட்கிறார்கள். டெப் ராய் என்ற விஞ்ஞானி தன் வீடு முழுக்கக் கேமரா வைத்து, 90,000 மணி நேர வீடியோ சேர்த்து, மகன் தண்ணீரை "காகா" என்று சொன்னதிலிருந்து "வாட்டர்" வரை வந்த பாதையையே கேட்கக் கூடியதாக்கினார். அதில் அவர் கண்டது: ஒரு சொல் மகன் வாயில் பிறக்கும் சமயம் நெருங்க நெருங்க, வீட்டுப் பெரியவர்கள் அந்தச் சொல் வரும் வாக்கியங்களைத் தங்களை அறியாமலே சுருக்கியிருக்கிறார்கள், பிறந்த பின் மெல்ல நீட்டியிருக்கிறார்கள். யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை.

ஒன்றரை வயது, ஐந்தே சொல்தான். பக்கத்து வீட்டுப் பிள்ளை கிளி மாதிரிப் பேசுகிறது.

அந்த வயதில் விரல் விட்டு எண்ணும் அளவிலிருந்து இருநூறு சொல் வரை எல்லாம் உண்டு. நான் முதலில் கேட்பது சொல் எத்தனை என்றில்லை: விரல் நீட்டிக் காட்டுகிறானா, சொன்னால் புரிகிறதா? விரல் காட்டிய பொருளின் பெயர்தான் பெரும்பாலும் பின்னால் வாயில் வரும். இரண்டு வயதில் ஐம்பது சொல்லுக்குக் கீழே இருந்தாலோ, இரண்டு சொல்லைச் சேர்க்காவிட்டாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். ஒன்றரை வயதாகியும் விரலே நீட்டவில்லை என்றால் உடனே காட்டுங்கள்; இருந்த சொற்கள் போய்விட்டன என்றால் எந்த வயதென்றும் பார்க்காதீர்கள். எப்படி ஆனாலும் முதலில் காது கேட்கிறதா என்று சோதிக்க வேண்டும். "பிடிவாதக்காரன்" என்று பெயர் வாங்கிய ஒரு பையனுக்குச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கட்டியிருந்தது, அவ்வளவுதான்.

கடைசியாக, படம் போட்ட அட்டை வாங்கினேன். பிள்ளை அட்டையைப் பார்க்காமல் அதைக் கட்டியிருந்த ரப்பர் பேண்டையே பார்க்கிறாள்.

அப்படியானால் இன்றைக்கு ரப்பர் பேண்டு. இழுத்துக் காட்டி, பெயரைச் சொல்லுங்கள். கையில் மட்டும் கொடுத்துவிடாதீர்கள், நேராக வாய்க்குத்தான் போகும்.