‘இன்னொரு தடவை சொல்லுங்க’

அன்புள்ள அண்ணா,

கரூர் பக்கம் சின்ன ஊர். டெக்ஸ்டைலில் வேலை பார்க்கிறேன். பையனுக்கு ஐந்து மாதம். அவனுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது ஒரு நாள் மனைவி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள், பக்கத்தில் பாயில் குழந்தை. சட்டென்று எழுந்து வந்து, “அவனை வெட்டிடுவேனோன்னு பயமா இருக்கு” என்று அழுதாள். அன்றைக்கே அரிவாள்மனையைப் பரணில் ஏற்றிவிட்டாள். கத்தி, கத்தரிக்கோல் எல்லாம் இப்போது அம்மாவின் அறையில். குழந்தையைக் குளிப்பாட்டுவதும் அம்மாதான். ராத்திரி படுத்ததும், “நான் அவனை ஒண்ணும் பண்ணிட மாட்டேன்ல?” என்பாள். மாட்டாய் என்பேன். “இன்னொரு தடவை சொல்லுங்க” என்பாள். இருபது, முப்பது தடவை ஆகிவிடும். கோயிலில் மந்திரித்துக் கயிறும் கட்டியாயிற்று. யூடியூபில் தேடினால் ஓசிடி என்கிறார்கள். ஓசிடி என்றால் கை கழுவுவதுதானே? குழந்தையை அவளிடம் தனியாக விடலாமா? உங்கள் ஓசிடி பற்றி நீங்கள் ஒருமுறை எழுதியதைப் படித்த ஞாபகத்தில் கேட்கிறேன்.

க.

அன்புள்ள க.,

நான் டாக்டர் இல்லை, இந்த நோயோடு குடித்தனம் நடத்தியவன். அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

மேசையில் பேனா நேராக இருக்க வேண்டும் என்பதற்கெல்லாம் ‘எனக்குக் கொஞ்சம் ஓசிடி’ என்று சொல்லிச் சொல்லியே அந்த வார்த்தை நாசமாகிவிட்டது. வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து பயமுறுத்துவதும், அந்தப் பயத்தைத் தணிக்க ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வதும்தான் ஓசிடி. கை கழுவுவது அதன் ஒரு முகம்தான். சாமி சிலைமுன் நிற்கும்போது ஆபாச எண்ணம் வந்து கூனிக்குறுகுகிறவர் உண்டு. பைக்கில் யாரையோ இடித்துவிட்டோமோ என்று வந்த வழியே திரும்பிப் போய்ப் பார்க்கிறவர் உண்டு. பிள்ளை பெற்ற பெண்ணுக்கு ‘குழந்தையை ஏதாவது செய்துவிடுவேனோ’ என்று வருவதும் டாக்டர்களுக்கு நன்றாகத் தெரிந்த வகைதான்.

எண்ணம் மட்டுமே நோய் இல்லை. 1978இல் ஸ்டான்லி ராக்மன், இலங்கைக்காரரான பத்மல் டி சில்வா என்ற இரு உளவியலாளர்கள் நோயில்லாத சாதாரண ஆட்களை விசாரித்தபோது, பெரும்பாலானவர்களுக்கும் இதே மாதிரி கோரமான எண்ணங்கள் வந்துபோவது தெரிந்தது. மொட்டைமாடி விளிம்பில் நிற்கும்போது ‘குதித்தால்?’ என்று உங்களுக்கும் தோன்றியிருக்கும். நீங்கள் ‘ச்சே’ என்று அடுத்த வேலையைப் பார்ப்பீர்கள். ஓசிடி உள்ளவர் ‘ஏன் தோன்றியது, அப்படியானால் நான் யார்’ என்று அங்கேயே நின்றுவிடுவார். குழந்தைமேல் உயிராக இருப்பதால்தான் உங்கள் மனைவிக்கு அந்த எண்ணம் அவ்வளவு வலிக்கிறது. அரிவாள்மனையைப் பரணில் ஏற்றியது அந்தப் பயம்தான்.

நீங்கள் எழுதியிருப்பது எனக்கு ஓசிடி போலத்தான் படுகிறது. ஆனால் அதை உறுதி செய்ய வேண்டியவர் மனநல மருத்துவர். ஒன்றை மட்டும் கவனியுங்கள். எண்ணத்தைக் கண்டு பயப்படுவது நின்று, அது சரிதான் என்று உங்கள் மனைவி பேச ஆரம்பித்தாலோ, காதில் குரல் கேட்கிறது என்றாலோ, தூக்கமே இல்லாமல் நடவடிக்கை மாறினாலோ, அது வேறு நோயாக இருக்கலாம். அவரையும் குழந்தையையும் தனியே விடாமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இனி அந்த ராத்திரிக் கேள்வி. என் கதை கேஸ் சிலிண்டர். தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து ரெகுலேட்டரைத் தொட்டுப் பார்ப்பேன். அப்புறம் ஒரு யுக்தி கண்டுபிடித்தேன்: மூடிய ரெகுலேட்டரை போனில் படமெடுத்துக்கொண்டு கிளம்புவது. பஸ்ஸில் உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்ப்பேன். நான்கு நாள் நிம்மதி. ஐந்தாம் நாள், இது இன்றைக்கு எடுத்த படமா, நேற்று எடுத்ததா? மனைவிக்கு போன். “மூடித்தாங்க இருக்கு.” பத்து நிமிஷத்தில் மறுபடி போன். அவள் ஒவ்வொரு முறை சொன்னதும் அந்தப் பத்து நிமிஷத்துக்குத்தான் தாங்கியது. உங்கள் ‘மாட்டாய்’ செய்வதும் அதுதான். சொறியச் சொறிய அரிப்பு கூடுகிற கதை.

எனக்குக் கிடைத்த சிகிச்சை கேட்க அபத்தமாக இருக்கும். ஒரே முறை மூடிவிட்டுக் கிளம்ப வேண்டும், திரும்பக் கூடாது, போன் செய்யக் கூடாது. முதல் நாள் பஸ்ஸில் வேர்த்துக்கொட்டியது. பதற்றம் ஏறியது, உச்சிக்குப் போனது, நான் எதுவும் செய்யாமலே மெல்ல இறங்கியது. இறங்கும் என்பதே அதுவரை எனக்குத் தெரியாது. விக்டர் மேயர் என்ற உளவியலாளர் 1966இல் இரண்டு நோயாளிகளிடம் இந்த முறையைச் செய்து பார்த்து எழுதினார். இன்று ஓசிடிக்கான பேச்சு சிகிச்சையில் முதலிடம் இதற்குத்தான். உங்கள் மனைவி விஷயத்தில் முதலில் அரிவாள்மனையைச் சும்மா பார்ப்பது, பிறகு காய் நறுக்குவது, பிறகு குழந்தை அடுத்த அறையில் இருக்க நறுக்குவது என்று படிப்படியாகப் போவார்கள். பயிற்சி பெற்றவர் கூட இருந்துதான் செய்ய வேண்டும், நீங்களாக ஆரம்பிக்காதீர்கள்.

மாத்திரையும் தரலாம். ஃப்ளூவாக்ஸடின், செர்ட்ராலின் போன்றவை. மனச்சோர்வுக்குத் தருவதைவிட ஓசிடிக்குப் பெரும்பாலும் அளவு கூடுதலாகத் தேவைப்படும், முழுப் பலன் தெரிய எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும். நான் மூன்றாவது வாரமே ‘வேலை செய்யவில்லை’ என்று நிறுத்தி, திட்டு வாங்கி, மறுபடி ஆரம்பித்தவன். பால் கொடுப்பதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள், அதற்கேற்ற மருந்து இருக்கிறது.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. அரசின் மனநல உதவி எண் 14416க்கு எந்த நேரமும் பேசலாம், தமிழிலேயே, இலவசம். பெங்களூரில் உள்ள மத்திய அரசின் மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸில் ஓசிடிக்கென்றே தனி கிளினிக் இருக்கிறது.

அதுவரை ராத்திரியில் முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள், பாவம். பகலில் இரண்டு பேரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்: “இது ஓசிடி கேட்கிற கேள்வி, நான் பக்கத்தில்தான் இருக்கிறேன்” என்று ஒருமுறை சொல்வது, அப்புறம் வேறு பேச்சு. முதல் சில நாள் அழுகை கூடலாம்.

டாக்டர் முன்னால் ‘வெட்டிடுவேனோ’ என்ற வார்த்தையைச் சொல்ல உங்கள் மனைவிக்கு வாய் வராது. வீட்டிலேயே ஒரு தாளில் எழுதி எடுத்துப்போகச் சொல்லுங்கள். உங்கள் அம்மாவையும் கூட்டிப்போங்கள். மருமகளுக்குக் காற்றுக் கருப்பு இல்லை என்பதை டாக்டர் வாயால் கேட்டால்தான் நம்புவார்.