மாடித்தோட்டத்துக்கு எந்தச் செயலி போடலாம்?

கேள்வி: சென்னையில் மொட்டைமாடியில் கொஞ்சம் காய்கறிப் பைகள் வைத்திருக்கிறேன். தோட்டச் செயலிகள் உண்மையில் உதவுமா? காசு கட்டி வாங்கலாமா?

செடிக்கென்றே வரும் செயலிகளைவிட எனக்கு அதிகம் கைகொடுப்பது சூரியன் போகிற பாதையைக் காட்டும் செயலிதான். சன் சர்வேயர் மாதிரி சில இருக்கின்றன. மாடியில் நின்றபடி தேதியை மாற்றி மாற்றிப் பார்த்தால், எந்த மாதம் எத்தனை மணிக்கு வெயில் எந்தப் பக்கத்திலிருந்து விழும் என்று தெரிந்துவிடும்.

இதில் என்ன இருக்கிறது என்று நினைக்காதீர்கள். சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதிவரை உச்சிவெயில் நம் தலைக்கு வடக்கே நிற்கும். டிசம்பரில் நன்றாகத் தெற்கே சாய்ந்துவிடும். உங்கள் தெற்குக் கைப்பிடிச் சுவர் 4 அடி உயரம் என்றால், ஜூன் மாத நண்பகலில் அதன் உள்பக்கம் நிழலே விழாது. டிசம்பரில் அதே நேரத்தில் ஏறக்குறைய 3 அடிக்கு விழும். அதாவது, ஆடியில் நல்ல வெயில் இருக்கிறதே என்று அந்தச் சுவரோரம் நட்ட கத்தரி, காய்க்கிற மாதத்தில் நிழலுக்குள் போய்விடும். பிறகு உரத்தைக் குறை சொல்லி என்ன பயன்? அந்த ஓரத்தைப் புதினாவுக்கு விட்டுவிடுங்கள். தண்ணீர்த் தொட்டியின் நிழலையும் இப்படியே பார்த்துக்கொள்ளலாம்.

நோய் பார்க்க பிளான்டிக்ஸ் போடலாம். ஜெர்மனியில் உருவானது. தமிழிலேயே வேலை செய்யும். விவசாயிகளை மனதில் வைத்துச் செய்தது என்பதால் மிளகாய், தக்காளி, வெண்டை என்றால் பெரும்பாலும் ஏறக்குறைய சரியாகச் சொல்லிவிடும். அலங்காரச் செடிகளுக்கு அதை நம்ப வேண்டாம்.

ஆனால் படம் எடுக்கிற விதத்தில்தான் விஷயமே இருக்கிறது. மிளகாய் இலை சுருண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓரங்கள் மேல்நோக்கிப் படகு போல மடங்கினால் இலைப்பேன். கீழ்நோக்கிக் கவிழ்ந்து, காம்பும் நீண்டிருந்தால் மஞ்சள் சிலந்தி, அதாவது வலை பின்னுகிற சிலந்தி இல்லை, பொடிசான உண்ணி. மேலிருந்து முழுச் செடியையும் எடுத்தால் இந்த வித்தியாசம் படத்தில் விழவே விழாது. நிழலில் வைத்து ஒற்றை இலையைப் பக்கவாட்டில் ஒன்று, அடிப்பக்கம் ஒன்று என்று எடுங்கள். கொழுந்துக்குக் கீழே வெள்ளைக் காகிதம் பிடித்து லேசாகத் தட்டி, விழுந்ததை ஜூம் செய்து பாருங்கள். மெலிதாக, மஞ்சளாக, நீளவாக்கில் ஓடுகிறதா? இலைப்பேன்தான். சிலந்தி இப்படி எளிதில் கண்ணுக்குச் சிக்காது.

அடுத்து செயலி மருந்துப் பெயர் சொல்லும். அது வயலுக்கான கணக்கு. நாளைக்கே பறித்துச் சாம்பாரில் போடப்போகிற மிளகாய்க்கு அதெல்லாம் வேண்டாம். லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கலப்பதற்குக் கொஞ்சம் சோப்புக் கரைசல், வெயில் தாழ்ந்தபின் இலையின் அடியில் படும்படி தெளியுங்கள். வெண்டையில் நரம்புத் தேமல் (இலை நரம்புகள் மஞ்சளாகும் வைரஸ் நோய்) வந்தால் எந்த மருந்தும் அதைத் தீர்க்காது. வெள்ளை ஈ மற்ற செடிக்கும் பரப்புவதற்குள் பிடுங்கிப் போடுவதுதான் வழி.

பெயர் தெரியாத செடிக்கு பிளான்ட்நெட். பிரான்ஸ் ஆராய்ச்சி நிறுவனங்கள் சேர்ந்து நடத்துவது. பூவோடு எடுத்தால் நன்றாகச் சொல்லும். தொட்டியில் தானாக முளைத்த கீரையை மட்டும் அது சொன்ன பெயரை நம்பிச் சமைத்துவிடாதீர்கள், தெரிந்த பாட்டி ஒருவரிடம் காட்டுங்கள்.

தண்ணீர் ஊற்ற நினைவூட்டும் செயலிகள் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. நான் பார்த்தவற்றில் பல குளிர்நாட்டு வீட்டுக்குள் வளரும் செடிகளுக்கு எழுதியவை. ஒன்று என்னிடம் கடைசி உறைபனி எப்போது என்று கேட்டது, அதுவும் ஆடிப்பட்டம் தேடி விதைக்கிற ஊரில்! அக்னி நட்சத்திரத்தில் காலையும் மாலையும் குடிக்கிற பைக்கு வாரம் ஒரு முறை மணியடித்தால் செடி என்னாவது? தேங்காய் நார்க்கழிவு கலந்த பை மேலே காய்ந்து தெரியும், உள்ளே ஈரமாக இருக்கும். விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

காசு கட்டுவது பற்றி: தேவையில்லை என்பேன். ஏற்கெனவே ஏழு நாள் இலவசம் என்று எதையாவது ஆரம்பித்திருந்தால், ஆண்ட்ராய்டு போனில் செயலியை நீக்குவதால் மட்டும் சந்தா நிற்காது. பிளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு, சந்தாக்கள் பகுதிக்குப் போய் அங்கேதான் ரத்து செய்ய வேண்டும்.