ரெக்கார்ட் மதிப்பு படிக்க வருது, எழுத மாட்டேங்குது (ஏபிபி, பிசி எஸ்டிகே)

நண்பரே, ஏபிபி ரோபோவின் நிரல் மொழியான ரேப்பிட்டில் நீங்களே வரையறுத்த ரெக்கார்டை (பல உறுப்புகளைச் சேர்த்த தரவு), கணினியிலிருந்து ரோபோ கண்ட்ரோலரோடு பேச உதவும் பிசி எஸ்டிகே வழியாகப் படிக்க முடிகிறது. முதல் உறுப்பை 12 ஆக மாற்றியும் கண்ட்ரோலரில் பழைய 7தான் நிற்கிறது, பிழைச் செய்தியும் இல்லை என்கிறீர்கள். அந்தப் 'பிழை இல்லை'தான் துப்பு. ரேப்பிட்டேட்டாவின் (கண்ட்ரோலரில் உள்ள மாறியைக் குறிக்கும் எஸ்டிகே ஆப்ஜெக்ட்) வேல்யூ தருவது வெறும் நகல். அதில் ஒரு காம்பொனென்ட்டை, அதாவது உறுப்பை, மாற்றினால் உங்கள் கணினியில் இருக்கும் நகல்தான் மாறும். மாற்றிய மொத்தத்தையும் திரும்ப வேல்யூவுக்கே கொடுங்கள்.

அப்போது அடுத்த சிக்கல் தலைகாட்டும்: மாஸ்டர்ஷிப் (கண்ட்ரோலரில் எழுதும் உரிமை) இல்லாமல் எழுதினால் எக்செப்ஷன். வாங்கியதும் எழுதிவிட்டு உடனே விடுங்கள்; நான் ஒருமுறை விட மறந்து, பெண்டன்ட்டோடு (ரோபோவை இயக்கும் கைக்கருவி) நின்றவரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

முழுதாக ஒரே சரமாக நிரப்புவதென்றால் [12,3,[100,0,50]] மாதிரி. ரெக்கார்டில் அறிவித்த வரிசை பிசகக் கூடாது. மாறி கான்ஸ்ட் (மதிப்பு மாறாதது) என்றால் எழுத வழியே இல்லை, பெர்ஸ் (மாற்றக்கூடிய, மதிப்பு நிலைத்து நிற்கும் வகை) ஆக்குங்கள்.