வாசகர் கேள்வி – பதில்: புராணம் சொல்லும் ஊற்றும் பாறை சொல்லும் ஊற்றும்

கேள்வி: தீர்த்தமலையில் இராமர் அம்பு எய்ததால்தான் பாறையிலிருந்து தீர்த்தம் விழுகிறது என்று என் மாமியார் உறுதியாகச் சொல்கிறார். கல்லூரியில் நிலவியல் படிக்கும் என் மகனோ, அது பாறை வெடிப்பு வழியாக வரும் மழைநீர் என்கிறான். இதனால் வீட்டில் மனத்தாங்கல். தலபுராணத்தை உள்ளபடியே நம்ப வேண்டுமா, உருவகமாகக் கொள்ள வேண்டுமா?
– வாசகி, அரூர்

பதில்: தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்பதில் உங்கள் மகன் சொல்வதே சரி, இதைச் சுற்றி வளைத்துச் சொல்வதில் பயனில்லை. தருமபுரி மாவட்டத்தின் பெரும்பகுதி நைஸ், சார்னோக்கைட் போன்ற கடினப் பாறையால் ஆனது. அப்பாறைக்குள்ளேயே நீர் தங்க இடம் கிடையாது. மேலே உள்ள மண்ணிலும் மக்கிய பாறையிலும் இறங்கும் மழைநீர் வெடிப்புகளின் வழியே மெல்ல நகர்ந்து, வெடிப்பு மலைச்சரிவில் வாய் திறக்கும் இடத்தில் ஊற்றாக வெளிப்படுகிறது. மழை ஓய்ந்த பின்னும் நெடுநாள் நீர் கசிந்துகொண்டிருப்பதற்கு இந்த மெதுவான நகர்வே காரணம்.

இனி மாமியாரின் பக்கம். இராவண வதத்துக்குப் பின் சிவபூசை செய்ய விரும்பிய இராமர், நீர் கொண்டுவரச் சென்ற அனுமன் திரும்பத் தாமதமானதால் அம்பு எய்து மலையிலேயே நீரை வரவழைத்தார் என்றும், பிறகு வந்த அனுமன் வீசியெறிந்த நீர் தென்பெண்ணைக் கரையில் விழுந்து அனுமன்தீர்த்தம் ஆயிற்று என்றும் தலபுராணம் கூறுகிறது. நிலத்தடி நீரைப் பற்றிப் பாடம் நடத்த எழுந்த கதை அன்று இது. மலைமேல் உள்ள ஊற்றையும் ஆற்றங்கரைத் துறையையும் ஒரே கதையில் கோத்து, இங்கே நீராடுவது ஏன் புண்ணியம் என்று பக்தருக்குச் சொல்வதே அதன் வேலை.

கண்ணால் கண்டதற்கு முரணாக நூல் பேசினால் என்ன செய்வது என்ற கேள்வியை ஐரோப்பியர் வந்த பிறகுதான் நாம் கேட்கத் தொடங்கினோம் என்று சிலர் எண்ணுகிறார்கள். அது சரியன்று. பகவத்கீதையின் 18ஆம் அத்தியாயம் 66ஆம் சுலோகத்துக்கு எழுதிய உரையில், நெருப்பு குளிர்ந்தது என்றோ ஒளியற்றது என்றோ நூறு சுருதி (வேத) வாக்கியங்கள் சொன்னாலும் அவை பிரமாணம் (ஏற்கத்தக்க சான்று) ஆகமாட்டா என்று ஆதிசங்கரர் எழுதுகிறார். அப்படிச் சுருதி சொல்லியிருந்தால் அதற்கு வேறு கருத்து இருப்பதாகக் கொள்ள வேண்டும் என்பதும் அவர் வாக்கே. வேதத்தின் ஒவ்வோர் எழுத்தையும் போற்றியவர் வைத்த வரம்பு இது. சுருதிக்கே இவ்வளவு என்றால், பிரமாண வரிசையில் அதற்குக் கீழே நிற்கும் புராணத்துக்கும் தலபுராணத்துக்கும் இந்த வரம்பு பொருந்தாமல் போகாது.

மகனுக்கும் ஒரு வார்த்தை. நீர் வரும் வழியைக் காட்டியதாலேயே இராமர் அங்கு வரவில்லை என்று நிறுவியதாகாது. அது பாறையைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக்கூடிய வழக்கு அன்று. மாமியார் கையெடுத்துக் கும்பிடட்டும். ஆனால் அம்பு தந்த நீர் வற்றாது என்ற நம்பிக்கையில் மலைமேல் காடு அழிவதைக் கண்டும் காணாமல் இருந்தால், அந்த இடத்தில் நான் உங்கள் மகனோடுதான் நிற்பேன்.

கேள்வி: ஓரிடத்தை உருவகம் என்று ஒப்புக்கொண்டால், நாளை எல்லாவற்றையுமே உருவகம் என்று தள்ளிவிட மாட்டார்களா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கிருஷ்ணகிரி

பதில்: உங்கள் அச்சம் நியாயமானது; அதனால்தான் முன்னோர் இதை அவரவர் விருப்பத்துக்கு விடவில்லை. வேதத்தில் ‘வேள்வித் தூணே சூரியன்’ என்றொரு வாக்கியம் வருகிறது. தூண் சூரியன் அன்று என்பது கண்ணுக்குத் தெரிவதால், இது தூணின் பொலிவைப் புகழும் குணவாதம் என்றார்கள், வேதவாக்கியங்களுக்குப் பொருள் காணும் முறையை வகுத்த மீமாம்சகர்கள். ‘நெருப்பு குளிருக்கு மருந்து’ என்பது முன்பே அறிந்த செய்தி; அது அனுவாதம். அறிந்ததுடன் முரண்படாமலும், வேறு வழியில் அறிய முடியாமலும் இருப்பதைச் சொன்னபடியே கொள்ள வேண்டும், அது பூதார்த்தவாதம். ஆக, உருவகம் என்று சொல்ல முரண்பாடு ஒன்று முன்னால் நிற்க வேண்டும். ‘எனக்குப் பிடிக்கவில்லை’ என்பது போதாது.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஸ்பெயினின் கோர்தோபா நகரைச் சேர்ந்த இஸ்லாமியத் தத்துவ அறிஞர் இப்னு ருஷ்து ஏறக்குறைய இதே நிபந்தனையை வைத்தார்: ஐயமற நிறுவப்பட்ட ஒன்றுடன் வேதவசனத்தின் வெளிப்பொருள் மோதினால் உட்பொருள் கொள்ளலாம், ஆனால் அரபு மொழிவழக்கு இடங்கொடுக்கும் அளவுக்குள். விவிலியத்தின் யோசுவா நூலில் சூரியன் நின்றதாக வரும் இடத்தைப் பற்றி 1615இல் கலிலியோ எழுதிய நீண்ட கடிதம், இத்தகைய இடங்களைச் சொல்லுக்குச் சொல் கொள்ள வேண்டியதில்லை என்று வாதிட, திருச்சபை போற்றும் புனித அகுஸ்தீனையே துணைக்கு அழைத்தது. திருச்சபை அதை ஏற்காமல் 1633இல் அவரைத் தண்டித்தது என்பது தனிக் கதை.

உங்கள் பக்கத்துத் தகடூரிலேயே (இன்றைய தருமபுரி) இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு, வேதநூல் இல்லையென்றாலும். அதியமான் தந்த நெல்லிக்கனியைப் பற்றி ‘சாதல் நீங்க எமக்கு ஈந்தனையே’ என்கிறார் ஔவையார் (புறநானூறு 91). கனி சாவை நீக்கும் என்பதை எவரும் மருத்துவக் குறிப்பாகப் படிப்பதில்லை. அதற்காக, கனியை அவன் கொடுத்தான் என்பதையும் உருவகம் என்று கரைத்துவிடுவதில்லை.

கேள்வி: திருவாசகத்தின் ‘அண்டப் பகுதியின் உண்டைப் பிறக்கம்’ என்ற அடியில் கோள்களின் உருண்டை வடிவமும் பிரபஞ்சம் விரிவதும் சொல்லப்பட்டிருப்பதாக வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. உண்மையா?
– வாசகர், ஓசூர்

பதில்: இல்லை. இதுவும் எழுத்துக்கு எழுத்து பொருள் கொள்ளும் பிழைதான். பக்திக்குப் பதில் பெருமிதம் அதைச் செய்கிறது, அவ்வளவே. அந்த அடியை மட்டும் வெட்டி எடுத்தால் வானியல் போலத் தோன்றும். தொடர்ந்து படித்தால், நூற்றொரு கோடிக்கும் மேலாக விரிந்து கிடக்கும் அண்டங்கள் ‘இன்னுழை கதிரின் துன்அணுப் புரையச் சிறியவாகப் பெரியோன்’ என்று வாக்கியம் முடிகிறது. வீட்டுக்குள் நுழையும் வெயிலில் மிதக்கும் தூசுபோல அண்டங்கள் அத்தனையும் சிறியனவாகத் தோன்ற, அவ்வளவு பெரியவன் இறைவன் என்பதே மாணிக்கவாசகர் சொல்ல வந்தது. அண்டங்கள் அங்கே அளவுகோல். பாடுபொருள் அவை அல்ல. ‘விரிந்தன’ என்பதும் பரந்து கிடப்பதைக் காட்டுகிறதே தவிர, விண்மீன் கூட்டங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுவதை அன்று.

அறிவியலாகவே படிப்பேன் என்று ஒருவர் பிடிவாதம் பிடித்தால் எண்ணும் உதவாது. நம் பால்வீதி ஒன்றில் மட்டுமே குறைந்தது 10,000 கோடி விண்மீன்கள் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். நூற்றொரு கோடி அதற்கு எந்த மூலைக்கு? மாணிக்கவாசகருக்கு இந்தச் சங்கடத்தை உண்டாக்குபவர்கள் அவரைப் புகழ்வதாக எண்ணிக்கொள்பவர்கள்தாம். செய்தியை அனுப்பியவருக்கு அடுத்து வரும் அடிகளையும் சேர்த்து அனுப்பி வையுங்கள்.