களியும் என்சிமாவும்: மிஷனெரி வாழ்க்கை பற்றி நீங்கள் கேட்டவை

ஏற்காட்டில் நடந்த வாலிபர் முகாமில் கேள்விகளைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தீர்கள். மழை பிடித்துக்கொண்டதால் பாதிக்குத்தான் பதில் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன். முகாமுக்கு வராதவர்களுக்காக ஒரு வார்த்தை: நானும் என் கணவரும் ஆப்பிரிக்காவில், மலாவி நாட்டின் தெற்கே சோம்பாவுக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் 14 வருடம் ஊழியம் செய்தோம். அவர் சபையைப் பார்த்துக்கொண்டார், நான் நர்ஸ். 2019-ல் சேலம் திரும்பினோம்.

அக்கா, நான் சோறு இல்லாமல் இரண்டு நாள்கூட இருக்கமாட்டேன். அங்கே என்ன சாப்பிட்டீர்கள்? (ஆத்தூர் தங்கை)

நீ களி சாப்பிட்டு வளர்ந்தவள்தானே? அப்படியானால் பாதிக் கவலை தீர்ந்தது. அவர்களுடைய அன்றாட உணவு என்சிமா. வெள்ளை மக்காச்சோள மாவைக் கொதிநீரில் போட்டுத் துடுப்பால் கிண்டுவார்கள். நிறம்தான் வேறு, மற்றபடி நம் களியேதான். பூசணி இலையை வேர்க்கடலைப் பொடி சேர்த்துச் சமைத்துத் தொட்டுக்கொள்வார்கள். அதை இன்றும் வீட்டில் செய்கிறேன். பருப்பும் மசாலாவும் வேண்டுமென்றால் லிம்பேயில் குஜராத்திக்காரர்களின் கடைகள் உண்டு. அப்புறம் மாம்பழம்! அங்கே நவம்பரில் மழை தொடங்கும், மாம்பழமும் அப்போதுதான். கிறிஸ்துமஸ் அன்று மாம்பழம் சாப்பிட்ட சேலத்துக்காரி நான்.

மொழி படிக்க எவ்வளவு நாள் ஆனது? (அஸ்தம்பட்டி)

சந்தையில் பேச ஒரு வருடம். என் கணவர் காகிதம் இல்லாமல் பிரசங்கம் செய்ய மூன்று வருடம். சிச்சேவா மொழியில் பன்மை சொல்லின் முன்னால் வரும். நாம் 'கள்' என்று பின்னால் ஒட்டுகிறோம், அவர்கள் தலையையே மாற்றுகிறார்கள். குழந்தை 'ம்வானா', குழந்தைகள் 'ஆனா'. மரம் 'ம்தெங்கோ', மரங்கள் 'மிதெங்கோ'. இதெல்லாம் பழகிவிடும். நான் வழுக்கியது வேறு இடத்தில். அவர்களுக்கும் நீ, நீங்கள் உண்டு: 'இவே' என்றால் நீ, 'இனு' என்றால் நீங்கள். வந்த புதிதில், மருந்துக்கு வரிசையில் நின்ற ஒரு பாட்டியை 'இவே' என்று கூப்பிட்டுவிட்டேன். வரிசையே அமைதியாகிவிட்டது. ஏன் என்று அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பெண் சொன்ன பிறகுதான் புரிந்தது. தமிழ் பேசுகிறவளுக்கு இது தெரியாதா என்று ராத்திரி முழுக்க அழுதேன். விடிந்ததும் பாட்டியின் வீட்டுக்குப் போய், வாசலில் நின்று 'ஓடி!' என்று குரல் கொடுத்து (அங்கே கதவைத் தட்டமாட்டார்கள்), மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டேன். சிரித்துவிட்டு மடி நிறைய வேர்க்கடலை கொடுத்தார். அன்றிலிருந்து அவர்தான் எனக்கு மொழி ஆசிரியை.

மலேரியா வருமா?

வரும். எனக்கு நான்கு முறை வந்தது. கொசுவலை இல்லாமல் ஒரு ராத்திரிகூடத் தூங்காதீர்கள். காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். ஜெபித்துவிட்டு நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடுவது விசுவாசம் அல்ல. ஊருக்குத் திரும்பிய பிறகு காய்ச்சல் வந்தாலும், ஆப்பிரிக்காவிலிருந்து வந்திருக்கிறோம் என்று டாக்டரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். விடுமுறையில் வந்தபோது என் கணவருக்கு இங்கே ஓர் ஆஸ்பத்திரியில் மூன்று நாள் சாதாரணக் காய்ச்சல் என்றே மருந்து கொடுத்தார்கள். அவர்கள் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

ஏமி கார்மைக்கேல் அம்மையார் ஒருமுறைகூட ஊர் திரும்பவில்லையாமே. நீங்கள் ஏன் விடுமுறைக்கு வந்தீர்கள்? (ஓமலூர் தம்பி)

உண்மைதான். அயர்லாந்திலிருந்து மிஷனெரியாக 1895-ல் இந்தியா வந்தவர், 1951-ல் திருநெல்வேலிப் பக்கத்து டோனாவூரிலேயே காலமானார். அவரை நினைத்தால் இன்றும் கை கூப்பத் தோன்றும். ஆனால் அதை எல்லோருக்கும் அளவுகோல் ஆக்காதே, தம்பி. நம் சேலத்தில் லண்டன் மிஷன் ஊழியத்தை 1827-ல் தொடங்கிய ஹென்றி கிறிஸ்ப் 1831-லேயே இறந்துபோனார். உடம்பும் மனசும் தாங்கும் அளவு ஆளுக்கு ஆள் வேறு. என் மகள் பத்து வயதிலிருந்து ஏற்காட்டில் விடுதியில் தங்கிப் படித்தாள். விடுமுறை முடிந்து நாங்கள் கிளம்பும் நாளில், இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி முடிக்கும்வரை நானும் அவரும் ஒரு வார்த்தை பேசமாட்டோம். அவள் இன்று நன்றாக இருக்கிறாள், எங்கள்மேல் அன்பாகவும் இருக்கிறாள். ஆனாலும் அந்த வருடங்கள் அவளுக்குப் பட்ட கடன்தான். தீர்த்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன்.

காணிக்கை ஒழுங்காக வந்ததா?

சில மாதம் வந்தது, சில மாதம் வரவில்லை, பட்டினி கிடக்கவில்லை. மனசு வலித்தது வேறொன்றில். காணிக்கை அனுப்புகிறவர்கள், எத்தனை பேர் ஞானஸ்நானம் எடுத்தார்கள் என்று மட்டுமே கேட்டு எழுதுவார்கள். மிஷனெரிக்கு எழுதும்போது, ராத்திரி தூங்குகிறீர்களா, பிள்ளை எப்படி இருக்கிறாள் என்றும் கேளுங்கள்.

மிகக் கஷ்டமான நாள் எது, மிகச் சந்தோஷமான நாள் எது? (சூரமங்கலம்)

இரண்டும் ஒரே நாள்.

சேலத்துக்கும் மலாவிக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம். இங்கே விடியற்காலை ஐந்தரைக்கு அம்மா இறந்தார், அங்கே நடுராத்திரி இரண்டு மணிக்குப் போன் அடித்தது. விமானம் மாறி மாறி வந்து சேர இரண்டு நாளாவது ஆகும். அடக்கம் மறுநாளே. தம்பி போனைக் கல்லறைப் பக்கம் பிடித்தான், பாட்டு விட்டு விட்டுக் கேட்டது. ஒரு பிடி மண் போட முடியவில்லை.

அதற்குள் செய்தி கிராமம் முழுக்கப் போயிருந்தது. பெண்கள் ஒவ்வொருவராக வந்து, வீட்டுக்குள் என்னைச் சுற்றித் தரையில் உட்கார்ந்தார்கள். ஆண்கள் வெளியே நெருப்பு மூட்டி உட்கார்ந்தார்கள். அது அவர்கள் வழக்கம், ஆனால் தங்கள் வீட்டுச் சாவுக்குச் செய்வது. என் அம்மாவை ஒருவரும் பார்த்ததில்லை. அறுவடைக்கு முந்தின பஞ்ச மாதத்தில், அவரவர் வீட்டில் இருந்த மாவில் ஒரு கிண்ணம் கொண்டுவந்து வைத்தார்கள். என்னை அடுப்புப் பக்கம் விடவில்லை. அந்தப் பாட்டி ராத்திரி முழுக்க என் காலைத் தன் மடியில் வைத்திருந்தார். கொடுக்க வந்தோம் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

மிஷனெரியாகப் போக வேண்டும் என்று எனக்கும் பாரம் இருக்கிறது, அக்கா. அம்மாவிடம் சொல்லத்தான் பயம். (நாகலூர்)

சொல்லாமல் போகாதே. அவசரப்படவும் வேண்டாம். முதலில் உன் ஊருக்குப் பக்கத்து மலைக் கிராமம் ஒன்றில் ஒரு வருடம் தங்கி, அவர்கள் பேச்சையும் சாப்பாட்டையும் பழகு. வரும் சனிக்கிழமை அம்மாவையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வா. களி கிண்டி வைக்கிறேன். சாப்பிட்ட பிறகு நானே அவர்களிடம் பேசுகிறேன்.