கைப்பேசியின் அசைவு உணரிக்குள் இருக்கும் ஸ்பிரிங்கை ஏன் மடித்து மடித்துச் செய்கிறார்கள்?

போனைத் திருப்பினால் திரையும் திரும்புகிறதே, அதற்குக் காரணம் அசைவு உணரி. அதற்குள் சிலிக்கானில் செதுக்கிய ஒரு சிறு எடைத்துண்டு, தலைமுடியைவிட மெல்லிய கால்களில் தொங்குகிறது. அந்தக் கால்கள்தாம் ஸ்பிரிங்.

உக்கடத்தில் கிளம்பிய பொள்ளாச்சி பஸ் சட்டென்று பிரேக் போட்டால், நிற்பவர் முன்னே சாய்வார். எடைத்துண்டும் அப்படித்தான் நகர்கிறது. பக்கத்துத் தகட்டுக்கும் அதற்கும் உள்ள இடைவெளி மாறுகிறது. அந்த மாற்றத்தை மின்சுற்று அளக்கிறது.

சரி, மடிப்பு எதற்கு? ஒரு தென்னை ஈர்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். விரல் நீளத் துண்டு வளைய மறுக்கும்; முழு ஈர்க்கோ ஊதினாலே ஆடும். நீளம் இரு மடங்கானால் விறைப்பு எட்டில் ஒன்றாகிவிடும். மெல்லிய அசைவையும் உணர நீளமான ஸ்பிரிங் வேண்டும். ஆனால் சில்லில் கிடைக்கும் இடமோ கடுகளவு. ஆகவே மடிக்கிறார்கள்.

அகலத்தில் இன்னும் கவனம் தேவை. அது 10 சதவீதம் கூடினாலே விறைப்பு 33 சதவீதம் ஏறிவிடும்! இந்தத் துறையில் என்னை மிகவும் வியக்க வைக்கும் கணக்கு இதுதான்.

பலர் நினைப்பதுபோல் உள்ளே பேனா ஸ்பிரிங் போன்ற சுருள் கிடையாது. எடையும் ஸ்பிரிங்கும் ஒரே சிலிக்கான் படலத்தில் சேர்த்தே செதுக்கப்படுகின்றன.