லினக்ஸுக்குப் புதியவன் நான், எந்த வழங்கலில் தொடங்குவது நல்லது?

நான்கு ஜிபி ரேம் கொண்ட பழைய மடிக்கணினி என்பதற்கு மேல் உங்கள் கணினியைப் பற்றி நீங்கள் எதுவும் சொல்லவில்லை. இருந்தாலும் இந்தக் கேள்வி இப்போது ஏன் வருகிறது என்பதை ஊகிக்க முடிகிறது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியோ புதிய தலைமுறைச் செயலியோ உங்கள் கணினியில் இல்லை. நன்றாக ஓடிக்கொண்டிருப்பதைத் தூக்கிப் போடவும் மனம் வரவில்லை. லினக்ஸ் போடு என்று யாரோ சொன்னார்கள், தேடிப் பார்த்தால் நூற்றுக்கணக்கான வழங்கல்களின் (லினக்ஸை நிறுவத் தயாராகத் தொகுத்துத் தரும் வெவ்வேறு வடிவங்களின்) பெயர்கள் வந்து நிற்கின்றன. இதுதான் உங்கள் நிலை என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். வேறாக இருந்தாலும் பெரும்பகுதி பொருந்தும்.

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: லினக்ஸ் மின்ட், அதிலும் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான மேசைத்தளம் (திரையில் நாம் காணும் சாளரங்களும் பட்டிகளும்) கொண்ட பதிப்பு. ரேம் எட்டு ஜிபி ஆக இருந்திருந்தால் சினமன் பதிப்பைச் சொல்லியிருப்பேன். அவசரத்தில் இருப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். நான் இவ்வளவு நீளமாக எழுதுவதற்குக் காரணம், இந்த விடையைச் சொல்லும்போதெல்லாம் "இன்னுமா மின்ட்?" என்று சிலர் உதட்டைச் சுழிப்பதுதான். பல ஆண்டுகளாக என் அன்றாட வேலை அனைத்தும் லினக்ஸில்தான் நடக்கிறது. டெபியனையும் ஃபெடோராவையும் நெடுநாள் பயன்படுத்தியவன். என் மேசைக் கணினியில் இன்று ஓடுவது மின்ட்தான். இதைச் சொல்வதில் எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை. புதியவருக்கு எதைப் பரிந்துரைக்கிறோம் என்பதை வைத்துத் தங்கள் திறமையை எடைபோட்டுக்கொள்பவர்கள்மேல்தான் எனக்கு வருத்தம்.

என் தங்கை மகளுக்கு நடந்ததைச் சொன்னால் இந்த வருத்தம் புரியும். ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த சமயத்தில், நீங்கள் கேட்ட இதே கேள்வியை அவள் ஒரு குழுவில் கேட்டிருக்கிறாள். தொடக்கத்திலேயே கடினமானதை எடுத்தால்தான் லினக்ஸ் கற்றுக்கொள்ள முடியும் என்று அங்கே அறிவுரை கிடைத்திருக்கிறது. அதன்படி, பதிப்பு எண் என்று ஒன்றில்லாமல் நாள்தோறும் புதுப்பிப்பு வந்துகொண்டேயிருக்கும் தொடர்வெளியீட்டு வழங்கல் ஒன்றை நிறுவிவிட்டாள். பெயரைச் சொல்லப்போவதில்லை, அந்த வழங்கல்மேல் எனக்குக் கோபமும் இல்லை. அது யாருக்காக உருவாக்கப்பட்டதோ அவர்களுக்கு அது மிக நல்ல வழங்கல்.

சில வாரங்கள் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தன. பிறகு ஒரு நாள் மாலையில் புதுப்பித்துவிட்டு மறுபடி இயக்கியபோது திரை கறுப்பாகவே நின்றது. இடது மேல் மூலையில் ஒரு சிறிய கோடு மட்டும் விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தது. குழுவில் கேட்டதற்கு, "புதுப்பிக்கும் முன்பு செய்திப் பக்கத்தைப் படித்தாயா?" என்ற ஒரு கேள்விதான் பதிலாக வந்தது. அப்படி ஒரு பக்கம் இருக்கிறது என்பதையே அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்து, "மாமா, ஆய்வேடு இருக்கா போயிடுச்சா, அதை மட்டும் முதல்ல சொல்லுங்க" என்றாள்.

ஆய்வேடு பத்திரமாக இருந்தது. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தியதும் அந்தக் கறுப்புத் திரை விலகி, பயனர் பெயர் கேட்கும் எழுத்துத் திரை வந்தது. உள்ளே நுழைந்து முதல் வேலையாக அவளுடைய கோப்புகள் அனைத்தையும் பென்டிரைவில் நகலெடுத்தேன். அதன் பிறகுதான் காரணத்தைத் தேடினேன். அன்றைய புதுப்பிப்பில் இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னல் புதிதாக வந்திருந்தது. கிராபிக்ஸ் கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரோ பழைய கர்னலுக்கு மட்டுமே தொகுக்கப்பட்டிருந்தது. புதிய கர்னலுக்கு டிரைவரைத் தானாகத் தொகுப்பதற்குத் தேவையான ஹெடர் பொதி (கர்னலின் விவரக் கோப்புகள் அடங்கியது) நிறுவப்படவே இல்லை. அந்தப் பொதியை நிறுவியதும் டிரைவர் தொகுக்கப்பட்டது, மறுபடி இயக்கியதும் திரை வந்துவிட்டது.

அவள் இதைக் குழுவில் போட்டபோது, "ஒரு வரிக் கட்டளைதானே, இதற்கா இவ்வளவு கலவரம்?" என்று ஒருவர் எழுதினார். எனக்கு இன்றும் உறுத்துவது அந்த வாக்கியம்தான். ஒரு வரிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ஒரு வரியைத் தட்டுவதற்கு முன்னால், கறுப்புத் திரைக்குப் பின்னால் கணினி உயிரோடுதான் இருக்கிறது என்றும், எழுத்துத் திரைக்குப் போக வழி உண்டு என்றும், கர்னலும் டிரைவரும் தனித்தனியானவை என்றும், ஒன்று மாறினால் மற்றொன்றையும் அதற்கேற்பத் தொகுக்க வேண்டும் என்றும் தெரிந்திருக்க வேண்டும். இவற்றையெல்லாம் கற்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆய்வேடு ஒப்படைக்கும் நெருக்கடியில், இருக்கும் ஒரே கணினியில், அதைக் கற்றே தீர வேண்டும் என்று ஒருவரைத் தள்ளிவிடுவது அறிவுரை ஆகாது.

இதிலிருந்துதான் மின்ட்டை நான் ஏன் சொல்கிறேன் என்ற இடத்துக்கு வருகிறேன். மின்ட்டின் முதன்மைப் பதிப்பு உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பின்மேல் கட்டப்படுவது. மின்ட் 22 வரிசை உபுண்டு 24.04ஐ அடிப்படையாகக் கொண்டது. அதற்கு 2029 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வரும். இடைப்பட்ட காலத்தில் உங்கள் கணினியின் அடித்தளம் பெரிதாக மாறாது. புதுப்பிப்பு மேலாளர் என்று ஒன்று கூடவே வருகிறது. டைம்ஷிஃப்ட் என்ற கருவியால் கணினியின் நிலையைப் படம்பிடித்து வைத்துக்கொள்ளும்படி அதுவே உங்களுக்கு நினைவூட்டும். ஒரு புதுப்பிப்பு ஏதாவது கோளாறு செய்தால் முந்தைய நிலைக்குத் திரும்பிவிடலாம். டைம்ஷிஃப்ட் வழக்கமாக எடுத்து வைப்பது கணினி அமைப்பின் நகலைத்தான், உங்கள் சொந்தக் கோப்புகளின் நகலை அல்ல. அவற்றுக்குத் தனியாக நகல் வைத்துக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் நேரடியாக உபுண்டுவையே போடலாமே என்று கேட்பீர்கள். தாராளமாகப் போடலாம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 2004 அக்டோபரில் வெளிவந்த முதல் பதிப்பிலிருந்து புதியவர்களை லினக்ஸ் பக்கம் கொண்டுவந்ததில் உபுண்டுவுக்கு இணையாக வேறு ஒன்றைச் சொல்வது கடினம். ஆனால் பதிவிறக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். உபுண்டுவின் பதிப்பு எண் என்பது ஆண்டும் மாதமும்தான்: 4.10 என்றால் 2004 அக்டோபர், 24.04 என்றால் 2024 ஏப்ரல். இரட்டைப்படை ஆண்டின் ஏப்ரலில் வருவதுதான் ஐந்தாண்டு ஆதரவு கொண்ட பதிப்பு. (விதிவிலக்கு, 2006இல் தாமதமாகி ஜூனில் வந்த 6.06.) மற்றவற்றுக்கு ஒன்பது மாத ஆதரவுதான். எண் பெரிதாக இருக்கிறது, எனவே இதுதான் சிறந்தது என்று இடைக்காலப் பதிப்பை நிறுவிவிட்டு, ஓராண்டுக்குள் புதுப்பிப்பு நின்றுவிட்டதே என்று விழிப்பவர்கள் பலர். மின்ட்டில் இந்தக் குழப்பத்துக்கு இடமில்லை, அங்கே இடைக்காலப் பதிப்புகளைத் தழுவிய வெளியீடே கிடையாது. அதோடு, நான்கு ஜிபி ரேமில் உபுண்டுவின் க்னோம் மேசைத்தளத்தைவிட எக்ஸ்எஃப்சிஇ இலகுவாக இயங்கும். உலாவியில் தத்தல்களை (டேப்) அடுக்கிக்கொண்டே போனால் எந்த மேசைத்தளமும் காப்பாற்றாது என்பது வேறு விஷயம்.

ஃபெடோராவை விரும்புபவர்களுக்கும் ஒரு சொல். புத்தம்புதிய வன்பொருளுக்கு அதுதான் நல்லது. புதிய கர்னல் அங்கே விரைவில் வந்துவிடும். ஆனால் ஏறத்தாழ ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு, ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ பதின்மூன்று மாத ஆதரவு என்பதால், ஆண்டுக்கு ஒரு முறையாவது பெரிய மேம்படுத்தலைச் செய்தே ஆக வேண்டும். காப்புரிமைச் சிக்கல் காரணமாகச் வீடியோவை ஓட்டத் தேவையான சில கோடெக்குகள் அதில் சேர்க்கப்படுவதில்லை. கையில் உள்ள ஒரு வீடியோ ஓடாமல் போகும்போது, ஆர்பிஎம் ஃப்யூஷன் என்ற வெளி மென்பொருள் களஞ்சியத்தைத் தனியே சேர்க்க வேண்டும் என்பது புதியவருக்கு எப்படித் தெரியும்? டெபியன், 2023இல் வந்த 12ஆம் பதிப்பிலிருந்து, வைஃபை முதலியவற்றுக்கான கட்டற்றதல்லாத ஃபர்ம்வேரையும் (வன்பொருளுக்குள் ஏற்றப்படும் மென்பொருள்) அதிகாரபூர்வ நிறுவியிலேயே சேர்த்துத் தருகிறது. அதனால் முன்பிருந்த பெரிய தடை நீங்கிவிட்டது. இரண்டாவது வழங்கலாக அதைத் தேர்ந்தெடுங்கள் என்பேன்.

ஆர்ச் என்ற வழங்கலின் அன்பர்கள் சண்டைக்கு வருமுன் சொல்லிவிடுகிறேன்: ஆர்ச் விக்கியைவிடச் சிறந்த லினக்ஸ் ஆவணம் எனக்குத் தெரிந்து இல்லை, மின்ட்டில் சிக்கல் வந்தாலும் நான் முதலில் போய்ப் படிப்பது அங்கேதான். இரண்டாவது கணினி ஒன்று இருந்தால் இன்றைக்கே அதில் ஆர்ச் நிறுவிப் பாருங்கள், நிறையக் கற்றுக்கொள்வீர்கள். கேட்டவரிடம் இருப்பது ஒரே கணினி என்ற அனுமானத்தில்தான் என் பதில் நிற்கிறது. லினக்ஸ் வழங்கல்களைப் பட்டியலிடும் டிஸ்ட்ரோவாட்ச் தளத்தின் தரவரிசையை எடுத்து நீட்டுபவர்களுக்கும் ஒரு சொல். அந்தத் தளத்தில் ஒவ்வொரு வழங்கலின் பக்கத்தையும் எத்தனை பேர் திறந்து பார்த்தார்கள் என்பதைத்தான் அந்தப் பட்டியல் காட்டுகிறது. பயன்படுத்துபவர்களின் எண்ணிக்கையை அல்ல.

ஆனால் என் பேச்சைக் கேட்டு மின்ட்டை உடனே நிறுவிவிடவும் வேண்டாம். பெண் பார்க்காமல் தாலி கட்டச் சொல்லும் வேலை எனக்கு வேண்டாம். மின்ட்டின் ஐஎஸ்ஓ கோப்பை (நிறுவுவதற்கான வட்டு நகல்) பதிவிறக்கி, கோப்பு சிதையாமல் வந்ததா என்று காட்டும் அதன் எஸ்எச்ஏ256 கூட்டெண் தளத்தில் கொடுத்திருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்த்து, ரூஃபஸ் அல்லது வென்டாய் என்ற கருவியைக் கொண்டு பென்டிரைவில் ஏற்றுங்கள். அந்தப் பென்டிரைவிலிருந்து கணினியை இயக்கினால், வட்டில் எதையும் தொடாமல் மின்ட் முழுதாகத் திறக்கும். பென்டிரைவிலிருந்து ஓடுவதால் மந்தமாகத்தான் இருக்கும். வேகத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். வைஃபை இணைகிறதா, ஒலி வருகிறதா, திரை வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் விசைகள் வேலை செய்கின்றனவா, டச்பேடில் இரண்டு விரலால் நகர்த்த முடிகிறதா, கேமரா தெரிகிறதா என்று பாருங்கள். கடைசியாக மடிக்கணினியை மூடி, சில நிமிடம் கழித்துத் திறங்கள். பலர் சோதிக்க மறப்பது இதைத்தான்; தூக்கத்திலிருந்து ஒழுங்காக எழும் மடிக்கணினியில் மற்றவையும் பெரும்பாலும் ஒழுங்காகவே இருக்கும். இவற்றில் ஏதாவது ஒன்று மின்ட்டில் வராமல் ஃபெடோராவில் வந்தால், மேலே நான் எழுதிய அத்தனையையும் மறந்துவிட்டு ஃபெடோராவைப் போடுங்கள். உங்கள் கணினியின் வன்பொருள் சொல்வதுதான் முடிவு, என் விருப்பம் அதற்குப் பிறகுதான்.

தமிழில் தட்டச்சு செய்வீர்கள் என்றால் ஐபஸ் எம்17என் (ibus-m17n) என்ற தட்டச்சுக் கருவிப் பொதியை நிறுவிக்கொள்ளுங்கள். தமிழ்99, ஒலிபெயர்ப்பு, தட்டச்சுப்பொறி முறை எல்லாம் அதில் உண்டு.

நிறுவும் நாளில் கவனிக்க வேண்டியவை சில இருக்கின்றன. விண்டோஸையும் வைத்துக்கொள்வதாக இருந்தால், வட்டைக் குறியாக்கிப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் இயக்கத்தில் இருக்கிறதா என்று முதலில் பார்த்து, அதன் மீட்புச் சாவியை வேறொரு இடத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். துவக்க அமைப்பு மாறியதைக் கண்டதும் விண்டோஸ் அந்தச் சாவியைக் கேட்கும். விண்டோஸின் விரைவுத் தொடக்க வசதியை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் அதன் வட்டுப் பகுதியில் லினக்ஸால் எழுத முடியாமல் போகலாம். அங்கீகாரமில்லாத மென்பொருள் துவக்கத்தில் ஏறாமல் தடுக்கும் செக்யூர் பூட் இயக்கத்தில் இருக்கும் கணினியில் கூடுதல் டிரைவரை நிறுவினால், ஒரு கடவுச்சொல்லை அமைக்கச் சொல்வார்கள். மறுபடி இயக்கும்போது நீல நிறத் திரை ஒன்று பத்து விநாடி மட்டும் காத்திருக்கும். அதற்குள் ஒரு விசையை அழுத்தி, சாவியைப் பதிவு செய்யும் தெரிவில் அந்தக் கடவுச்சொல்லைத் தட்ட வேண்டும். என்னவோ பிழைத் திரை என்று நினைத்துக் கைகட்டிக்கொண்டு இருந்துவிட்டால், டிரைவர் நிறுவப்பட்டிருந்தும் ஏறாது.

சோதனை ஓட்டத்திலேயே வைஃபை வரவில்லை என்றால் இங்கே கீழே எழுதுங்கள். எழுதும்போது மடிக்கணினியின் மாடல் எண்ணையும், டெர்மினலை (கட்டளை தட்டும் சாளரத்தை) திறந்து எல்எஸ்பிசிஐ (lspci) என்ற கட்டளையை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டினால் வரும் பட்டியலில் நெட்வொர்க் (Network) என்ற சொல் உள்ள வரியையும் சேர்த்து எழுதுங்கள். பழைய மடிக்கணினிகளில் இருக்கும் சில வைஃபை சிப்புகளுக்கு டிரைவரைத் தனியே நிறுவ வேண்டியிருக்கும். அப்படியானால் கைபேசியை யூஎஸ்பி கம்பி வழியாக இணைத்து அதன் இணையத்தைப் பகிர்ந்துகொண்டு, மின்ட்டின் டிரைவர் மேலாளரைத் திறந்தால், பெரும்பாலும் சரியான டிரைவரை அதுவே எடுத்துக் காட்டும்.